கரண்டு வைக்கிற கணக்கு

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை என்று செய்தித்தாளில்தான் எழுதுவார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் ‘கரண்டு வெக்கறது’. “கோயமுத்தூர்ல கரண்டு வெச்சாங்க.” “இருபது கரண்டு முடிஞ்சுது, இன்னும் பத்து பாக்கி.” கோவை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து வாளையார் தாண்டி கஞ்சிக்கோடு வரைக்கும் இதே பேச்சுதான். அது மின்சாரம் இல்லை என்று திருத்தப் போனால் நாம்தான் பைத்தியம்.

அந்தக் கரண்டுக்குக் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. கனடாவில், ஒன்டாரியோ மாநிலத்தில் ஓர் ஊர். மருத்துவ இயற்பியலாளர் என்று தமிழில் சொன்னால் அம்மாவுக்கே விளங்குவதில்லை. யாராவது கேட்டால் “ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் வேலை” என்று முடித்துவிடுவாள். நாளெல்லாம் பொட்டி தட்டுகிறவன் என்ற வகையில் அதுவும் பொய்யில்லை.

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கணக்கும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013இல் என் தாய்மாமாவுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தது. கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் முப்பது வருஷம் உலை பார்த்தவர். பீடியும் உண்டு. கோவையில் ஒரு மருத்துவமனையில் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பில்லை, மருந்தோடு சேர்த்துக் கரண்டு வைக்கலாம் என்றார்கள். மொத்தம் 60 கிரே, தினம் 2 கிரே வீதம் முப்பது நாள், சனி ஞாயிறு லீவு. அன்று இரவே ஃபோன் வந்தது.

“மாப்ள, அறுவதுங்கறாங்களே, அது எத்தன யூனிட்டு?”

உலை பார்த்தவர் அல்லவா, கரண்டு என்றால் அவருக்கு யூனிட்டும் மாசக் கடைசி பில்லும்தான். நானும் பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ சதையில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. கதிர் படுகிற சதை ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்த சிகிச்சைக்கும் 60 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, ஒரு யூனிட்டை அறுபதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. ஒரு தீக்குச்சி எரிந்தால் இதைவிடப் பல மடங்கு சூடு வரும்.

“அதுக்கா மாப்ள இத்தன ரூவா?” என்றார்.

அதற்குத்தான். அந்த 60 ஜூலும் வெந்நீர் மாதிரி பரவிச் சூடாக்கினால் ஒன்றும் ஆகாது. ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூடச் சூடு ஏறாது. ஆனால் கதிர் அப்படிப் பரவுவதில்லை. பொட்டலம் பொட்டலமாக வந்து, செல்லுக்குள் இருக்கும் மரபுச்சரத்தைப் பார்த்து வெட்டுகிறது. முழு உடம்புக்கும் ஒரே நேரத்தில் 4, 5 கிரே கொடுத்தால், மருத்துவ உதவி இல்லாத ஆள்களில் பாதிப்பேர் பிழைக்க மாட்டார்கள். அதன் மொத்தச் சூடு சுடச்சுட ஒரு மிடறு டீ குடிப்பதற்குச் சமம்.

இங்கேதான் எங்கள் தொழிலின் சிக்கல் தொடங்குகிறது. கொஞ்சம் குறைந்தால் கட்டி மிஞ்சும், கொஞ்சம் கூடினால் பக்கத்து நல்ல சதை கருகும். நோயாளிக்குப் போய்ச்சேரும் அளவு 5 சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்று ஐ.சி.ஆர்.யூ. என்கிற சர்வதேச அமைப்பு 1976லேயே சொல்லிவிட்டது. ஆனால் மாமாவின் நெஞ்சுக்குள், கட்டியின் நடுவில், மீட்டர் வைத்து யார் பார்ப்பது? யாரும் பார்ப்பதில்லை. அந்த 60 என்பது அளந்த எண் அல்ல. கணக்குப் போட்ட எண். எந்தக் கணக்கு என்பதுதான் கேள்வி.

முதலில் இருந்த கணக்கு தண்ணீர்க் கணக்கு. கோபால்ட் இயந்திரத்தில் உலகத்தின் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது 1951 அக்டோபரில், இதே ஒன்டாரியோவில், லண்டன் என்கிற ஊரில். (அந்த லண்டன் இல்லை, இங்கேயும் ஒரு லண்டன் இருக்கிறது. தேம்ஸ் என்று ஓர் ஆறும் வைத்திருக்கிறார்கள்.) அடுத்த மாதமே சாஸ்கடூனில் ஹரால்ட் ஜான்ஸின் குழு இன்னொன்றை ஓட்டியது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கனடாவிலிருந்து கோபால்ட் இயந்திரம் கப்பலேறி வந்துவிட்டது. இந்தியாவில் அதுதான் முதல். அந்தக் காலத்து இயற்பியலாளர்கள் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, அதற்குள் எந்த ஆழத்தில் எவ்வளவு என்று அளந்து அட்டவணை போட்டார்கள். மனிதனும் பெரும்பாலும் தண்ணீர்தானே. வயிற்றுக்கும் கருப்பைவாய்க்கும் அந்த அட்டவணை நன்றாகவே உழைத்தது.

நெஞ்சில்தான் உதைக்கும். நுரையீரல் தண்ணீர் இல்லை, பஞ்சு. தண்ணீரின் அடர்த்தியில் கால் பங்கு.

பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நின்று காற்றைத் தடுக்கும். கஞ்சிக்கோட்டுப் பக்கம் மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டர் வாசல் திறந்து கிடக்கிறது. அதனால்தான் ஆடிக் காற்று எங்கள் ஊரில் ஓட்டைப் பிய்க்கும். அந்தக் காற்றை நம்பி மின்வாரியம் 1995இலேயே அங்கே காற்றாலை நட்டது. நெஞ்சுக்கூட்டில் நுரையீரல் அப்படி ஒரு கணவாய். 6 எம்.வி. இயந்திரத்தின் ஃபோட்டான் ஒன்று தண்ணீரில் சராசரியாக 20 செ.மீ. போன பிறகுதான் எதையாவது முட்டும், நுரையீரலில் 70 செ.மீ. தாண்டியும் போகும். அது மட்டுமென்றால் எளிதாகத் திருத்திவிடலாம். முட்டியதும் தெறிக்கிற எலக்ட்ரான்தான் ஆற்றலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தண்ணீரில் ஒரு சென்டிமீட்டரில் நின்றுபோகும் எலக்ட்ரான், நுரையீரலில் நாலு சென்டிமீட்டர் ஓடிவிடும். கதிரின் எல்லைக்கு வெளியே பக்கவாட்டில் தப்பிப் போகும். ஆகவே நுரையீரலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற கட்டியின் மேல்தோலுக்கு, கணக்கு சொல்வதைவிடக் குறைவாகவே கிடைக்கும். பழைய, வேகமான கணக்கு முறைகளுக்கு இந்தத் தப்பியோட்டம் கண்ணில் படாது. கட்டிக்கு முழுசாகக் கிடைத்துவிட்டது என்று பச்சைக்கொடி காட்டும்.

கண்ணில் படுகிற முறை ஒன்று உண்டு. அதன் பெயர் மான்டே கார்லோ. சூதாட்ட ஊரின் பெயர்தான்.

1946இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்கிற கணித மேதை மூளைக் காய்ச்சலில் படுத்துத் தேறிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல் தனியாகச் சீட்டாடினார். இந்த ஆட்டத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரம் போட்டுப் பார்த்தார், ஆகவில்லை. நூறு ஆட்டம் ஆடி எத்தனை ஜெயித்தது என்று எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஜான் வான் நாய்மனிடம் சொன்னார். அணுகுண்டு ஆராய்ச்சியில் நியூட்ரான் எப்படி அலைகிறது என்ற கணக்குக்கு அதையே பிடித்துக்கொண்டார்கள். உலாமுடைய சொந்தக்காரர் ஒருவர் மான்டே கார்லோ போக உறவுக்காரர்களிடம் கடன் கேட்பாராம், அதை வைத்துப் பெயரிட்டார் நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ். (அந்தச் சொந்தக்காரர் மாமாவா சித்தப்பாவா பெரியப்பாவா தெரிய வழியில்லை, ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே வார்த்தை.) 1949இல் மெட்ரோபோலிஸும் உலாமும் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இதை மாமாவுக்கு விளக்குவது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. கேரள அரசு 1967இல் லாட்டரித் துறை தொடங்கி, 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கல் நடத்திய நாளிலிருந்து எங்கள் ஊர் லாட்டரி ஊர். 2003இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்த பிறகு கேட்கவே வேண்டாம், கோயமுத்தூர்க்காரர்கள் பஸ் ஏறி வாளையாருக்கு வந்து டிக்கெட் வாங்கினார்கள். 2011இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் பணம் புற்றுநோய் மாதிரி பெரிய வியாதிக்காரர்களின் சிகிச்சைக்குப் போனது. மாமா வாராவாரம் அதைத்தான் வாங்குவார். “விழுந்தா நமக்கு, விழலேன்னா எவனுக்காச்சும் மருந்து” என்பார்.

“மாமா, ஒவ்வொரு கதிருக்கும் கம்ப்யூட்டர் ஒரு சீட்டு எடுக்குமுங்க. எவ்வளவு தூரம் போகும்னு ஒரு சீட்டு. முட்டினா எந்தப் பக்கம் திரும்பும்னு ஒரு சீட்டு. அது சாகிற வரைக்கும் சீட்டு எடுத்துட்டே இருக்கும். அப்புறம் அடுத்த கதிர்.”

“எத்தன கதிரு?”

“கோடிக்கணக்குல.”

“ஒருத்தனுக்கும் பம்பர் விழாதா?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அப்படி ஒரு கதிரின் பிறப்பு முதல் இறப்பு வரையிலான கதையை எங்கள் துறையில் ‘ஹிஸ்டரி’ என்போம். ஒரு ஹிஸ்டரியை வைத்து எதுவுமே சொல்ல முடியாது. கோடி சேர்ந்தால்தான் உருவம் தெரியும். பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஹிஸ்டரி வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. ஆகவேதான் இந்த முறை பல ஆண்டுகள் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டவில்லை. லாரன்ஸ் லிவர்மோர் என்கிற அமெரிக்க அணு ஆயுதக் கூடத்தில் உருவான ‘பெரெக்ரின்’ என்ற மென்பொருளுக்கு 2000இல்தான் மருத்துவமனையில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. அதே ஆண்டுவாக்கில் ஒட்டாவாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் இவான் கவ்ரகோவும் டேவ் ராஜர்ஸும் ஈ.ஜி.எஸ்.என்.ஆர்.சி. என்ற நிரலைக் கொண்டுவந்தார்கள். ஆராய்ச்சிக்கு இலவசம். நான் சோறு தின்பது பாதி அதன் புண்ணியத்தில்.

மாமாவின் ஸ்கேனையும் திட்டத்தையும் மகன் ஒரு சிடியில் கேட்டு வாங்கி அனுப்பினான். மருத்துவமனையில் மறுக்காமல் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். திட்டம் பழைய வேகக் கணக்கில் போட்டது. அன்று உலகத்தில் பல இடங்களிலும் அதுதான் நடைமுறை. சர்வதேச அணுசக்தி முகமை பொதுவில் வைத்திருக்கும் இயந்திரக் கோப்புகளில் பொருத்தமான ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று ராத்திரி ஓடவிட்டேன். ஜனவரி மாதம், வெளியே மைனஸ் இருபது. அந்தப் பெட்டியின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

நாலாம் நாள் காலை படம் வந்தது. நடுவில் பெரிய வித்தியாசமில்லை. நுரையீரலைப் பார்த்த கீழ் ஓரத்தில் மட்டும், திட்டம் 60 என்று சொன்ன இடத்தில், 55, 56. மாமாவுக்கு அதற்குள் ஆறு கரண்டு முடிந்திருந்தது.

உடனே ஃபோன் போட்டு ஏற்றச் சொல்ல வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அந்த 60 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஆர்.டி.ஓ.ஜி. (வாளையார் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இல்லை, கதிர்சிகிச்சை ஆய்வுக்குழு) 1973இல் தொடங்கிய ஒரு சோதனையில் 40, 50, 60 என்று கொடுத்துப் பார்த்து, 60இல் கட்டி நன்றாக அடங்குகிறது என்று கண்டார்கள். அன்றைய கணக்கில் நுரையீரலும் தண்ணீர்தான். அந்த 60உம் என் கம்ப்யூட்டரின் 60உம் ஒன்றல்ல.

எங்கள் பாட்டி நெல் அளக்கிற பறையைப் பற்றிச் சொல்வாள். ஜன்மிக்குப் பாட்டம் அளக்கிற பறை வேறு, வேலைக்காரனுக்குக் கூலி அளக்கிற பறை வேறு. பத்துப் பறை என்றால் எந்தப் பறை என்று கேள் என்பாள். இதே கூத்து எங்கள் துறையில் ஆவணமாகவே நடந்திருக்கிறது. சின்ன நுரையீரல் கட்டிக்கு மூன்றே தடவையில் பெரிய அளவு கொடுக்கும் ஆர்.டி.ஓ.ஜி. 0236 சோதனையின் முடிவு 2010இல் வந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு 97 பேருக்குமேல் கட்டி அடங்கியிருந்தது. கொடுத்தது 20 கிரே வீதம் மூன்று, மொத்தம் 60. ஆனால் அந்தச் சோதனையின் விதிப்படி நுரையீரலைத் தண்ணீர் என்றே கணக்கிட்டிருந்தார்கள். சரியான முறையில் திரும்பக் கணக்கிட்டபோது அது ஏறக்குறைய 54தான். நோயாளிகள் அதே ஆள்கள், போன கதிர் அதே கதிர், நல்ல பலனும் அதே பலன். காகிதத்தில் எண் மட்டும் மாறியது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் மூன்று தடவைக்கு 18 வீதம் என்று எழுத ஆரம்பித்தார்கள். புதுக் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு பழைய 60ஐயே எழுதியிருந்தால் உண்மையில் அதிகமாகப் போயிருக்கும். அதிகம் என்றால் நல்லது என்றும் இல்லை. மாமாவுக்கு வந்த மாதிரி கட்டிகளில் 60க்கும் 74க்கும் ஒப்பிட்ட ஆர்.டி.ஓ.ஜி. 0617இன் முடிவு 2015இல் வெளியானபோது, 74 வாங்கியவர்கள்தான் சீக்கிரம் இறந்திருந்தார்கள்.

அந்தக் கோவை மருத்துவமனையின் இயற்பியலாளர் அம்மாவைப் பிடித்துப் பேசினேன். அளவை ஏற்றுங்கள் என்று கேட்கவில்லை. கீழ் ஓரத்தில் இப்படித் தெரிகிறது என்றேன். ஒரு நிமிஷம் அமைதி.

“சார், எங்க கணக்குல அது தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியும். அதுனாலதான் 15 எம்.வி. இருந்தும் போடாம 6 போட்டோம். ஓரமும் கொஞ்சம் தாராளமாத்தான் விட்டோம். அந்தக் கீழ்ப்பக்கம் மட்டும் படம் அனுப்புங்க, டாக்டர்கிட்ட காட்டறேன்.”

ஆற்றல் அதிகமானால் எலக்ட்ரான் இன்னும் தூரம் ஓடும், நுரையீரலில் 6 போடுவதே நல்லது. தினம் எண்பது நோயாளி பார்க்கிற இடத்தில் இருந்துகொண்டு அதை யோசித்திருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரியில் அதில் கால்வாசி நோயாளிக்கு இரண்டு மடங்கு ஆள் இருக்கிறோம்.

கீழ் ஓரத்தைத் திறந்துவிட்டால் நல்ல நுரையீரல் கூடுதலாகக் கதிர் வாங்கும். 20 கிரேக்கு மேல் வாங்குகிற நுரையீரல் மொத்தத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை. தாண்டினால் கதிரே நிமோனியா மாதிரி மூச்சுத்திணறலைக் கொண்டுவரும், அதில் போனவர்களும் உண்டு. மாமாவுக்கு அது ஏற்கனவே 31. டாக்டர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். 60 என்ற எண்ணை மாற்றவில்லை. கீழ்ப்பக்கம் ஐந்து மில்லிமீட்டர் திறந்தார்கள். 31 என்பது 33 ஆனது. அதில் நான் ஒன்றும் சொல்லவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் எடுக்க வேண்டிய முடிவு அது. என் கணக்கு எவ்வளவு துல்லியமானாலும் அதில் இருந்த மாமா மூச்சுவிடாத மாமா. ஸ்கேனில் உறைந்துபோனவர். நிஜ மாமா மேஜையில் படுத்து இருமிக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம், கஞ்சிக்கோட்டிலிருந்து உக்கடத்துக்குப் பஸ். ஜி.எஸ்.டி. வராத காலம், வாளையார் செக்போஸ்டில் லாரி வரிசை நின்றுவிட்டால் பஸ்ஸும் நிற்கும். அத்தை டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு கூடவே போவாள். கடைசி வாரம் விழுங்க முடியாமல் மாமா கஞ்சியில் நின்றார். முப்பதும் முடிந்தது. நிமோனியா வரவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இரண்டு மாதம் இருந்தார். பேத்தி காதுகுத்தைப் பார்த்தார். கடைசியில் ஈரலுக்குப் பரவிப் போனார். நெஞ்சில் இருந்த கட்டி அதுவரை வளரவில்லை.

காரியத்துக்குப் போயிருந்தபோது அத்தை கேட்டாள். “நீ பாத்துச் சொன்ன கணக்குனாலதான் கண்ணு அந்த ரெண்டு வருசம்?”

கோடி ஹிஸ்டரிக்குத்தான் என்னிடம் பதில் உண்டு. ஒன்றுக்கு இல்லை. “டாக்டருங்க நல்லா பாத்தாங்க அத்தை” என்றேன். அதுவும் உண்மைதான்.

இப்போது நிலைமை ரொம்ப மாறிவிட்டது. நான் மூன்று ராத்திரி ஓட்டியதை இன்றைய கிராஃபிக்ஸ் அட்டைகள் நிமிஷக் கணக்கில் முடித்துவிடும். பல திட்ட மென்பொருள்களில் மான்டே கார்லோவோ அதற்குப் பக்கத்தில் வருகிற முறையோ கூடவே வருகிறது. சென்னை தரமணியில் 2019இல் திறந்த அப்போலோ புரோட்டான் மையம் மாதிரி இடங்களில், புரோட்டான் நுரையீரலைக் கடக்கிறபோது இந்த வகைக் கணக்கு இல்லாமல் முடியவே முடியாது. ஆனால் பழைய வேகக் கணக்கு எல்லா ஊரிலும் ஒழிந்துவிடவில்லை.

ஆகவே வீட்டில் யாருக்காவது நெஞ்சில் கரண்டு வைக்கிறார்கள் என்றால், டாக்டரிடம் மட்டுமல்ல, அங்கே கண்டிப்பாக ஒரு இயற்பியலாளர் இருப்பார், அவரையும் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கிப் பேசுங்கள். நுரையீரலைக் கணக்கில் எடுத்தீர்களா, எந்த முறையில் என்று கேளுங்கள். டாக்டர் எழுதிய அளவு அந்த முறைக்கு ஏற்றதுதானா என்று கேளுங்கள். மூச்சுக்குக் கட்டி எவ்வளவு அசைகிறது என்று பார்த்தார்களா, நல்ல நுரையீரல் எத்தனை சதவீதம் 20 கிரே வாங்குகிறது என்றும் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்களிடம் வந்து யாரும் எதுவும் கேட்பதே இல்லை. கேட்டால் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படமே காட்டுவோம்.